சுக்கானுக்கு மேலே ஒரு முழம்

தான்சானியாவின் வடக்கில், செரெங்கெட்டிச் சமவெளியின் தென்கிழக்குப் பகுதியில் குழி வெட்டினால் முதலில் கைக்குச் சிரமமே இருக்காது. சாம்பல் கலந்த பழுப்பு மண். விரலிடுக்கில் நசுக்கினால் மாவாகிவிடும். மேல்மண் முழுக்கப் புல்வேர் அடர்ந்து பின்னியிருக்கும். அதற்குக் கீழே வெள்ளைப் பொட்டுகள் தென்படும். பிறகு நூலிழைகளாகச் சுண்ணாம்பு ஓடும். இன்னும் கீழே அந்த இழைகள் ஒன்றோடொன்று கூடித் தகடாகும். அங்கே கடப்பாரை கணீரென்று நின்றுவிடும். கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான் என்று சொல்லும் பாறை அது. சில இடங்களில் ஒரு முழத்திலேயே வந்துவிடும், சில இடங்களில் இடுப்பளவுக்குப் போகவேண்டும். சமவெளியின் கிழக்கில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் தட்டுப்பட்டுவிடும்.

ஆழமில்லாத மண் மோசமான மண் என்பது உழுது பிழைத்த குடியில் பிறந்த எவருக்கும் யாரும் சொல்லித்தராமலே தெரியும். நிலம் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மண்கண்டம் எவ்வளவு என்பதைத்தான். இந்த மண்ணில் வேறு குறைகளும் உண்டு. சோடியம் மிகுந்த களர் மண் இது. பி.எச். எண் 8ஐத் தாண்டும், பல இடங்களில் 9ஐயும். மழையோ ஆண்டுக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதுவும் நவம்பர் முதல் மே வரைக்குள் விட்டுவிட்டு. நம் ஊர் விவசாய அலுவலர் இதற்கு என்ன மதிப்பெண் போடுவார் என்று ஊகிக்கச் சிரமம் வேண்டாம்.

ஆனால் பூமியில் மிஞ்சியிருக்கும் மிகப்பெரிய மேய்ச்சல் விலங்குக் கூட்டங்களில் ஒன்று இந்த மண்ணில்தான் கன்று போடுகிறது. வில்டபீஸ்ட் எனப்படும் தாடிவைத்த, கூன்முதுகு மான்கள் சுமார் 13 லட்சம். கூடவே இரண்டு லட்சத்தை ஒட்டிய வரிக்குதிரைகள், லட்சக்கணக்கில் தாம்சன் சிறுமான்கள். இவ்வளவு வாய்களும் வந்து மேயும் புல் கணுக்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. இந்த மண்ணைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. இதன் குறைகள் என்று எவற்றையெல்லாம் எழுதிவைப்போமோ, அவைதான் இதன் செல்வத்தைக் காத்து வைத்திருக்கின்றன.

எரிமலை மண் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஜாவாவின் நெல்வயல், எட்னா அடிவாரத்துத் திராட்சைத் தோட்டம், அல்லது பக்கத்திலேயே இருக்கும் தக்காணக் கரிசல். தக்காணத்தின் கதை வேறு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வழிந்து இறுகிய எரிகுழம்புப் பாறை மெல்ல மெல்ல நைந்து களிமண்ணான கதை அது. செரெங்கெட்டியில் பாறை நையவில்லை. சாம்பல் வந்து விழுந்தது. சாம்பல் என்று சொல்கிறோமே தவிர எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல, வெடிப்பில் சிதறிய பாறைக்குழம்பின் துகள் அது. வானத்திலேயே சட்டென்று குளிர்ந்துவிடுவதால் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாக உறைந்துவிடும். கண்ணாடிக்கு உள்ளொழுங்கு கிடையாது, ஆகவே நீர் பட்டால் படிகப் பாறையைவிட வெகுசீக்கிரம் கரைந்து தன்னிடம் உள்ளதை விட்டுவிடும். ஜாவாபோல மழை கொட்டும் நாட்டில் அப்படி விடுபட்டவற்றில் பெரும்பகுதியை நீர் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி மறுபடி புதுச் சாம்பல் விழுந்தால்தான் ஈடுகட்டும். மழை குறைந்த நாட்டில் கழுவுவதற்குத் தண்ணீர் போதாது. விடுபட்டது அங்கேயே நிற்கும்.

என்ன விடுபடுகிறது என்பதற்கு மலையைப் பார்க்கவேண்டும். சமவெளிக்குக் கிழக்கே கோரோங்கோரோ எரிமலை மேட்டுநிலம். அதற்கும் அப்பால், பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் சுவரை ஒட்டி ஓல் தோயின்யோ லெங்காய். மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் தங்கள் கடவுள் எங்காய் உறையும் இடமாகக் கொள்ளும் மலை. பக்கத்தில் கெரிமாசி, அணைந்துபோன எரிமலை. செரெங்கெட்டியின் சாம்பலில் பெரும்பங்கு இந்த இரண்டின் கொடை. லெங்காய் இன்றும் உயிரோடிருக்கிறது. 1917, 1940, 1966 என்று பெருவெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன; கடைசிப் பெருவெடிப்பு 2007இல் தொடங்கி 2008 வரை நீடித்தது.

லெங்காயின் எரிகுழம்பைப் போல இன்று உலகில் வேறெந்த எரிமலையும் கக்குவதில்லை. மற்ற எரிமலைகளின் குழம்பு சிலிக்கா; இதன் குழம்பு கார்பனேட், அதிலும் சோடியம் கார்பனேட். துணி வெளுக்கும் சலவைச் சோடா எந்தப் பொருளோ அதே பொருள், உருகி, மலையுச்சியில் ஓடுகிறது. எரிகுழம்பு என்றால் ஆயிரம் டிகிரிக்கு மேல் செக்கச்செவேலென்று வரும் என்பது நாம் படங்களில் பார்த்துப் பழகியது. இது 500, 600 டிகிரியிலேயே உருகிவிடும். பகலில் பார்த்தால் கறுப்பாக, எண்ணெய் கசிவதுபோல் தெரியும்; இரவில்தான் மங்கிய சிவப்பு. வெளியே வந்த குழம்பு காற்றின் ஈரத்தை வாங்கிச் சில மணிநேரத்திலிருந்து சில நாளுக்குள் வெளுத்துவிடுவதால் மலையின் தலை தூரத்திலிருந்து பனி மூடியதாகவே தோன்றும். 1960இல் பிரிட்டிஷ் புவியியலாளர் பாரி டாசன் உச்சிவாய்க்குள் இறங்கிப் பார்த்து, இது கார்பனேட்தான் என்று உறுதிசெய்தார். கார்பனேட் பாறை குழம்பாக உருகி வரக்கூடுமா என்பதே அதுவரை புவியியலாளர்களிடையே தீராத வழக்கு. ஒரு மலையேற்றம் அதைத் தீர்த்துவைத்தது.

இந்தச் சோடாவும் சுண்ணாம்பும் பொட்டாசியமும் பாஸ்பரசும் கலந்த தூள்தான் கிழக்குக் காற்றில் மேற்கே போய்ச் சமவெளியில் படிந்தது. காற்று சலித்துப் போட்டிருக்கிறது: மலைக்கு அருகே பருமணல், தள்ளிப் போகப்போக நுண்தூள். இன்றும் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கின் பக்கம் கறுப்புச் சாம்பல்மேடு ஒன்று பிறை வடிவில், ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேலாக மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. நங்கூரமாகப் புல்வேர் கிடைக்காத சாம்பல் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

விந்தை என்னவென்றால், சாம்பலைக் கொடுத்த மலைக்கூட்டம்தான் மழையையும் மறித்துக்கொண்டது. இந்துமாக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கோரோங்கோரோ மேட்டின் கிழக்குச் சரிவில் மழையை இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு மேற்கே இறங்குகிறது. அந்த மழைமறைவில் கிடக்கிறது சமவெளி. மழை கிடைத்திருந்தால் இந்த மண் இப்படி இருந்திருக்காது. பெய்யும் கொஞ்ச மழை மேல்மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பாதி தூரம் போவதற்குள் வேர் உறிஞ்சிவிடும், வெயில் இழுத்துவிடும், நீர் தீர்ந்துவிடும். கரைந்த சுண்ணாம்பு போன இடத்திலேயே தங்கிவிடும். அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே ஆழம். அதற்கடுத்த ஆண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்த மட்டம் பாறையாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் சுக்கான் என்பது மழை வழக்கமாக எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதற்கு மண் போட்டுவைத்திருக்கும் கோடு. மேற்கே, வடக்கே போகப்போகச் சாம்பல் மெலிகிறது, மழை கூடுகிறது, சுக்கான் ஆழத்துக்கு இறங்கி ஒரு கட்டத்தில் காணாமலே போகிறது. புல்லும் அதற்கேற்ப உயர்கிறது: கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் பெய்யும் வடக்கில் மரங்களும் வந்துவிடுகின்றன. மண்ணுக்கும் புல்லுக்கும் விலங்குக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை ஆண்டர்சன், டால்பாட் என்ற இருவர் 1965இலேயே எழுதிக்காட்டிவிட்டார்கள். 1978இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்காக டி விட் செய்த ஆய்வு சமவெளி மண்ணை வகைபிரித்து வரைந்தது. விலங்குகளைப் படமெடுத்தவர்களின் பெயர் தெரிந்த அளவுக்கு, குழிக்குள் இறங்கி மண்ணை எடுத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை.

மரம் ஏன் இல்லை? சுக்கானைத் துளைத்து வேர் போகாது, மேல்மண்ணின் ஈரம் கோடை முழுக்க ஒரு மரத்தைத் தாங்காது என்பது வழக்கமான பதில். சோடியமும் ஒரு காரணம், மேய்ச்சலும் ஒரு காரணம், எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. மரக்கன்றைக் கொல்வதில் ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் பெரும்பங்கு வகிக்கும் காட்டுத்தீக்கு இங்கே அதிகம் வேலையில்லை. எரிவதற்கு எதையும் விலங்குகள் மிச்சம் வைப்பதில்லை. இதில் பார்க்கவேண்டிய வேடிக்கை, இந்த வளமான மண்ணின் நடுவே மரம் வேண்டுமென்றால் பாறையைத் தேடிப் போகவேண்டும். சாம்பல் வந்து படிவதற்கு முன்பே இருந்த கிரானைட், நைஸ் பாறைக் குன்றுகள் சமவெளியில் ஆங்காங்கே தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வெடிப்புகளில் அத்திமரம் வேர்விட்டு நிற்கிறது, கற்றாழை பூக்கிறது. பாறைமேல் விழும் மழை முழுவதும் வெடிப்புக்குள் வழிந்து சேர்வதால் அங்கே மரத்துக்குப் போதுமான ஈரம் கிடைக்கிறது. நல்ல மண்ணில் மரமில்லை, மொட்டைப் பாறையில் மரம்.

மரத்தின் இடத்தைப் புல் எடுத்துக்கொண்டது. அதிலும் குள்ளப் புல். உப்பைத் தாங்கும் ஸ்போரோபோலஸ், கோரைக் குடும்பத்தின் கைலிங்கா, இவற்றோடு நமக்கு நெருங்கிய ஓர் ஆளும் உண்டு: அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகு, சைனோடான் டாக்டைலான், அங்கே வில்டபீஸ்ட்டின் வாய்க்குப் போகிறது. கடித்தாலும் மிதித்தாலும் தரையோடு ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் அதன் குணம் இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இந்தப் புற்களை அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் சாம் மெக்நாட்டன் 1970களிலிருந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். வேலிபோட்டு விலங்குகளைத் தடுத்துப் பார்த்தார், கத்தரித்துப் பார்த்தார். மேய்வதால் புல் அழியவில்லை, மேய்ச்சலுக்கு ஈடுகொடுத்துத் துளிர்க்கிறது என்பது அவர் கண்டது. வேலிக்குள் மேய்ச்சல் இல்லாமல் விட்ட இடத்தில் உயர்ந்து வளரும் செடிகள் குள்ளப் புல்லின்மேல் நிழல் போட்டு அதை அமுக்கத் தொடங்கிவிடுகின்றன. குள்ளமாக இருப்பது இங்கே நோஞ்சான்தனம் அல்ல. பல்லுக்கு எட்டாத தாழ்வில் தன் குருத்தை வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம்.

ஆனால் மெக்நாட்டனின் வேலையில் என்னை அதிகம் பிடித்திழுப்பது புல்லின் உயரமல்ல, அதன் உள்ளிருக்கும் தாதுக்கள். வில்டபீஸ்ட் ஏன் இத்தனை தூரம் நடக்கிறது? மழையைத் தேடி, பச்சையைத் தேடி என்றால் மேற்கிலும் வடக்கிலும் மழை அதிகம், புல் அதிகம், ஆறு வற்றுவதுமில்லை. அங்கேயே இருந்துவிடலாமே. முதல் மழை விழுந்ததும் ஏன் அதையெல்லாம் விட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீருக்கு உத்தரவாதமில்லாத, நிழலுக்கு ஒரு மரமில்லாத, சிங்கத்திடமிருந்து மறைய ஒரு புதரில்லாத சமவெளிக்கு ஓடிவரவேண்டும்? 1988இல் நேச்சர் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். விலங்குகள் கூடும் இடத்துப் புல்லையும், அதே சமவெளியில் கூடாத இடத்துப் புல்லையும் பறித்துச் சோதித்தால் வித்தியாசம் தாதுக்களில் தெரிகிறது. குறிப்பாக மக்னீசியம், சோடியம், பாஸ்பரஸ். 1990இல் அதே இதழில் இன்னொன்று. அதில் இடப்பெயர்ச்சியையே இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தார். மழைக்காலச் சமவெளியின் புல், பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் கன்றுக்கும் தேவையான தாதுவைத் தருகிறது. கோடைக்கால மேய்ச்சல் நிலத்தின் புல் அந்த அளவுக்கு எட்டுவதில்லை.

பால் சுரக்கும் விலங்கின் உடல் கால்சியத்தையும் பாஸ்பரசையும் எந்த வேகத்தில் இழக்கும் என்பது கறவைமாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கன்று ஈன்றதும் மாடு படுத்துவிடுவது எதனால் என்றும் தெரியும். தீவனத்தோடு தாது உப்புக் கலவையைக் கலந்து கொடுத்துச் சமாளிக்கிறோம். அங்கே யார் கலந்து கொடுப்பார்? பழம் கிரானைட் நைந்து உண்டான மேற்கு, வடக்கு மண் எத்தனையோ மழைக்காலம் கழுவிக்கழுவி உப்பிழந்தது. புல் மண்டிக் கிடக்கும், ஆனால் வயிறு நிறையுமே தவிர எலும்பு தேறாது. சமவெளிச் சாம்பலில் புல் விரலளவுதான், ஆனால் அந்த விரலளவில் மலையின் உப்பு இருக்கிறது. ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் சுமார் ஐந்து லட்சம் கன்றுகள் இங்கே பிறக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்துக்குள். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயோடு ஓடத் தொடங்கும் கன்றுகள். ஒரே நேரத்தில் இத்தனை கன்று விழுந்தால் கழுதைப்புலியும் சிங்கமும் எத்தனையைத்தான் தின்னும் என்பது அந்த அவசரத்துக்குச் சொல்லப்படும் காரணம். அவசரத்துக்கு அது சரி. இடத்துக்கு மண்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

மண் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமில்லை. 1997இல் சயன்ஸ் இதழில் மெக்நாட்டனும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை, விலங்குகள் கூடும் இடத்தில் நைட்ரஜனும் சோடியமும் சுழலும் வேகத்தை விலங்குகளே கூட்டுகின்றன என்று காட்டியது. தெற்குச் சீமையில் கீதாரிகள் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள்; அடுத்த போகத்துக்கு உரமாக ஓர் இரவின் புழுக்கையும் மூத்திரமும் போதும். சமவெளியில் 13 லட்சம் தலையின் கிடை, மாதக்கணக்கில். பீவண்டுகள் அதை உருட்டி மண்ணுக்குள் புதைக்கின்றன. கழுவிப்போக மழையில்லை, கீழே தப்பிப்போகச் சுக்கான் விடாது. வந்தது எல்லாம் அந்த ஒரு முழத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆழமான மண்ணாக இருந்திருந்தால், மரவேர் இறங்கித் தன் பங்கை எடுத்துத் தண்டில் நூறாண்டு பூட்டிவைத்திருக்கும். இங்கே எந்தத் தாதுவும் எந்த உடலிலும் நீண்டநாள் தங்குவதில்லை.

இந்தச் செல்வத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. யாரும் இங்கே நிரந்தரமாக இருக்கமுடியாது. மே மாதம் மழை நின்றதும் மேல்மண் சில வாரத்தில் காய்ந்துவிடும், சுக்கானுக்குக் கீழிருந்து ஈரம் ஏறி வராது. இந்தூத்து, மாசேக் போன்ற ஏரிகள் உப்பேரிகள். குட்டைகளில் தேங்கிய நீரும் வற்ற வற்ற உப்பேறுகிறது. புல்லுக்கு உயிர்கொடுத்த அதே சோடியம் தண்ணீரைக் கெடுக்கிறது. இடப்பெயர்ச்சியைத் தொடங்கிவைப்பதே நீரின் உப்புத்தான் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆக, மண்ணே அழைக்கிறது, மண்ணே அனுப்பிவைக்கிறது. விலங்குகள் போன பிறகு ஐந்தாறு மாதம் புல்லுக்கு ஓய்வு. அந்த ஓய்வு இல்லாமல் இந்த மேய்ச்சல் தாங்காது.

இந்த வட்டாரத்து எரிமலைச் சாம்பலுக்கு இன்னொரு புகழும் உண்டு, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்தது. கார்பனேட் கலந்த சாம்பல் மழையில் நனைந்து காய்ந்தால் சிமெண்டுபோல் இறுகிவிடும். லயேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈரச்சாம்பலில் இரண்டு காலால் நடந்துபோனவர்களின் தடம் அப்படித்தான் நின்றது. தொல்லியலாளர் மேரி லீக்கியின் குழு 1978இல் அதைத் தோண்டி எடுத்தது. லெங்காயின் அடிவாரத்தில் எங்காரே செரோவில் நம் இனத்தவரின் காலடிகளே நானூறுக்கு மேல் சாம்பல்சேற்றில் பதிந்திருக்கின்றன. ஓல்டுவாயில் 1959இல் மேரி கண்டெடுத்த மண்டையோட்டுக்கு வயது சொன்னதும் அதைச் சூழ்ந்திருந்த எரிமலைச் சாம்பல்தான்: பொட்டாசியம்-ஆர்கான் கணக்கில் 17 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டு. தொல்லியலாளர்கள் இந்தச் சாம்பலைக் கடிகாரமாகப் படித்தார்கள். மேய்ப்பர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

1959இல் அந்த மண்டையோடு கிடைத்ததைத் தவிர இன்னும் இரண்டு நடந்தன. ஜனவரியில், சமவெளி விலங்குகளை விமானத்தில் பறந்து எண்ணிக்கொண்டிருந்த மிஷாயேல் கிரிசிமெக், விமானத்தில் பிணந்தின்னிக் கழுகு மோதி இறந்துபோனார். தந்தை பெர்னாட் கிரிசிமெக்குடன் அவர் எடுத்த படம் மறு ஆண்டு ஆஸ்கார் விருது பெற்றது. செரெங்கெட்டி உலகத்தின் கண்ணில் விழுந்தது. அதே 1959இல் செரெங்கெட்டித் தேசியப் பூங்காவிலிருந்து மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். பூங்கா ஒருபுறம், மாசாய்கள் வாழலாம் என்று உறுதிசொல்லப்பட்ட கோரோங்கோரோப் பாதுகாப்புப் பகுதி மறுபுறம் என்று நிலம் இரண்டாக வகுக்கப்பட்டது. குறும்புல் சமவெளியின் குறுக்கே கோடு விழுந்தது. சாம்பல் அந்தக் கோட்டை அறியாது, வில்டபீஸ்ட்டும் அறியாது.

மாசாய்களின் மாடுகளுக்கும் இந்தப் புல்தான் வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுநிலத்திலிருந்து இறங்கிச் சமவெளியில் மேய்த்து, கோடையில் திரும்ப ஏறுவது அவர்கள் வழக்கம். வில்டபீஸ்ட் படித்த பாடத்தையே அவர்களும் படித்திருந்தார்கள். ஆனால் கன்று போடும் பருவத்தில் சமவெளி அவர்களுக்கு அடைபட்டுவிடுகிறது. வில்டபீஸ்ட் கன்றின் மூக்குநீரிலும் கண்ணீரிலும் வெளிப்படும் ஒரு ஹெர்ப்பீஸ் வகை வைரஸ், கன்றுக்கு ஒன்றும் செய்யாமல், மாட்டுக்குப் போனால் கொன்றுவிடும். தப்புவது மிக அரிது. வைரஸ் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, கன்று விழும் இடத்தில் மாட்டை விடக்கூடாது என்பது மாசாய்களுக்குத் தெரியும். அதனால் ஆண்டின் ஆகச்சிறந்த புல், ஆகச்சிறந்த பருவத்தில் கண்ணெதிரே பச்சையாகக் கிடக்க, அவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு விலகிப்போகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கொடுமையான சுற்று இருக்கிறது. 1890களில் வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் கிழக்கைத் துடைத்துப் போட்டது. மாசாய்களின் மாடுகளில் பெரும்பகுதி செத்தன, பஞ்சத்தில் மனிதர்களும் செத்தார்கள். வில்டபீஸ்ட் கன்றுகளையும் அந்த நோய் பல பத்தாண்டுகள் கொன்றுகொண்டே இருந்தது. 1950களில் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1960களின் தொடக்கத்தில் காட்டு விலங்கிலிருந்தும் நோய் மறைந்தது. விளைவு: 1961இல் இரண்டரை லட்சத்தை ஒட்டியிருந்த வில்டபீஸ்ட் 1970களின் இறுதியில் 13 லட்சத்தைத் தொட்டது. மேய்ப்பர்கள் தங்கள் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டதால்தான் இன்று உலகம் பார்க்க வரும் அந்தக் கூட்டம் பெருகியது. பெருகிய கூட்டம் அந்த மாட்டையே மேலும் பல வாரத்துக்குச் சமவெளியிலிருந்து தள்ளிவைத்தது. இதை மனிதக் கை படாத ஆதிவனம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை.

மேய்ப்பர்களின் நிலம் மதிப்பிழந்ததில் மண்ணியலுக்கும் பங்கு உண்டு. அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை வகுத்து உலகமெங்கும் பரவிய நிலத்திறன் வகைப்பாட்டில் எட்டு வகுப்புகள். முதல் நான்கு உழவுக்கு. அதற்கு மேல் எண் ஏற ஏறத் தகுதி குறைவு: மேய்ச்சல், காடு, கடைசியில் எதற்கும் ஆகாதது. உழவிலிருந்து தொடங்கி இறங்கிக்கொண்டே வரும் படிக்கட்டு அது. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்த்துறை உழாத நிலத்தையெல்லாம் தரிசு, புறம்போக்கு என்று எழுதியபோது நம் மந்தைவெளிகளுக்கு நேர்ந்ததும் அந்தப் படிக்கட்டிலிருந்து விழுந்ததுதான். ஆழமில்லை, களர், மழை போதாது என்ற மூன்று குறிப்புகள் போதும், செரெங்கெட்டிச் சமவெளி கீழ்ப்படிக்குப் போய்விடும். தவறாக எழுதவில்லை, மூன்றும் உண்மை. கேள்வியே உழவனின் கேள்வியாக இருந்தது, அவ்வளவுதான். பாலுக்கு எது நல்ல மண் என்று கேட்டு ஒரு வகைப்பாடு செய்திருந்தால் இந்தச் சாம்பல் எங்கே உட்காரும்?

அந்த மண்ணில் ஏர் இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்று ஊகிப்பதும் கடினமல்ல. வேர்ப்பின்னல் அறுந்தால் சாம்பல் காற்றோடு போகும். ஓல்டுவாய்ப் பக்கத்து மேடு காட்டும் வழியில். காடு காப்பவர்கள் இந்த அபாயத்தைச் சொல்லித்தான் கோரோங்கோரோவில் பயிர்செய்வதற்கு எதிராக வாதிடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே உழுவதற்கு ஆசைப்பட்டவர்கள் முதலில் மாசாய்கள் இல்லை. மேய்ச்சல் நிலம் சுருங்கி, மாடு குறைந்து, பாலும் ரத்தமும் போதாமல் சோளம் வாங்கித் தின்னும் நிலை வந்த பிறகுதான் வீட்டோரம் ஒரு துண்டு நிலம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

2022 முதல் கோரோங்கோரோ மாசாய்களை தாங்கா மாகாணத்தின் ஹண்டேனி மாவட்டத்தில் மிசோமேராவுக்குக் குடிபெயர்க்கிறது தான்சானிய அரசு. மனிதரும் மாடும் பெருகிவிட்டார்கள், சமவெளி தாங்காது என்பது அரசு சொல்லும் காரணம். விருப்பப்பட்டவர்களே போகிறார்கள் என்றும் சொல்கிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரும் பணத்தை நிறுத்திவிட்டு விருப்பம் என்று சொல்வது எப்படி என்று அங்கிருப்பவர்கள் கேட்கிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு வீடு, வீட்டைச் சுற்றி மனை, தனியே சில ஏக்கர் விளைநிலம். அரசின் பார்வையில் தாராளமான ஏற்பாடு. நிலம் என்றால் அளந்து கல் நட்டு ஒருவர் பெயரில் எழுதித்தருவது என்ற கணக்கில் பார்த்தால் தாராளம்தான். அந்தச் சில ஏக்கர் நல்ல மண்ணாகவே இருக்கட்டும், மழையும் நன்றாகவே பெய்யட்டும். நவம்பரில் ஓரிடத்துக்கும் ஜூனில் வேறோரிடத்துக்கும் மாட்டை ஓட்டிப்போகும் உரிமையை அந்தப் பத்திரத்தில் எந்த வரியில் எழுதுவார்கள் என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.